இரண்டு விரற்கடை

பள்ளத்தூரில் இறங்கியபோது மணி எட்டேகால்.
தோளில் நூறடி டேப், பையில் சாக்பீஸ்,
நீதிமன்றம் கொடுத்த தாளில் ஒரே ஒரு வகுத்தல்:
வளவு ஒன்று. புள்ளி ஒன்பது.

புள்ளிக்கு
நீளமில்லை, அகலமில்லை, கனமில்லை
என்று பாலிடெக்னிக்கில் எழுதி
மதிப்பெண் வாங்கியவள் நான்.
இந்த ஊர்ப் புள்ளிக்கு
ஓர் இரட்டை அறை உண்டு, தனி அடுப்பு உண்டு,
கோயிலுக்குக் கட்டும் வரி உண்டு.
வயிரவன் என்கிற புள்ளிக்கு
முன்கோபமும் உண்டு.

உமையாள் பெயருக்கு நேரே
வரிநோட்டில் அரைப்புள்ளி.
கணவர் போன வருஷத்திலிருந்து அப்படி.
"பாதி வரிதானே கட்டுது, பாதிப் பங்கு போதாதா?"
என்றார் வயிரவன், தூணைப் பார்த்து.
"வரி பாதி. பங்கு முழுசு.
தீர்ப்பை இன்னொருக்கா வாசிங்க அண்ணே"
என்றாள் அவள், செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல்.
வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று காட்ட
இடுகிற குறிக்கும்
அதே பெயர்தான்.

அளந்தேன்.
தெற்கு அறுபது, வடக்கு அறுபது,
கிழக்கு நாற்பத்தைந்து, மேற்கும் அதே.
எதிர்ப்பக்கங்கள் சமமா, செவ்வகம்தான் என்று
டேப்பைச் சுருட்டிவிடுவார்கள் அவசரக்காரர்கள்.
மூன்று, நான்கு, ஐந்து:
பதினைந்தால் பெருக்கினால்
மூலைவிட்டம் எழுபத்தைந்து வரவேண்டும்.
வந்தது எழுபத்தைந்து அடி ஐந்து அங்குலம்.
மற்றது எழுபத்து நான்கு அடி ஏழு.
டேப்பைச் சந்தேகித்தேன். என்னைச் சந்தேகித்தேன்.
மறுபடி இழுத்தேன்.
மறுபடி அதே.

"கோணல்தான் அது."
பஞ்சவர்ணம், கையில் வாரியல்.
"மேக்குச் சுவரோரம் கல்லைப் பாருங்க.
தெக்க முழுக்கல்லு, எட்டங்குலம்.
வடக்க போகப் போக ஒடுங்கி
மூலையில ரெண்டு விரக்கடை.
தூசி அங்கதான் போய் ஒளியும்.
ஆறு வருஷமா எனக்கும் அதுக்கும் சண்டை."

செங்கோணம் என்று எல்லாரும் நம்பியிருந்த மூலை
தொண்ணூறைத் தாண்டி நாற்பது நிமிடம்
விரிந்து கிடக்கிறது.
ஆகவே இது செவ்வகம் இல்லை,
இணைகரம்.
எவ்வளவு நல்ல பெயர்,
ஒன்பது பேரும் ஒன்பது பக்கம் பார்த்து
உட்கார்ந்திருக்கும் ஒரு கூடத்துக்கு.

"அப்ப பரப்புல எவ்வளவு போச்சு?
என் பங்குல எவ்வளவு?"
மொத்தம் இருபத்தாறு சதுர அங்குலம், வயிரவன் ஐயா.
ஒன்பதால் வகுத்தால்
ஈவு இரண்டு, மீதி எட்டு.
இரக்கம் கணக்கில் வராது.
தீப்பெட்டி ஒன்றைப் படுக்க வைத்தால் மறைகிற இடம்.
அதையும் எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

இருபதுக்குப் பதினைந்தாக
ஒன்பது கட்டம் போட்டேன், சாக்பீஸ் தேய்ந்தது.
சீட்டு எடுத்தார்கள்.
வடமேற்கு மூலை உமையாளுக்கு.
நடுக்கட்டம் வயிரவனுக்கு:
முற்றம், மேலே வானம்,
நான்கு பக்கமும் அடுத்தவர் எல்லை.
கூரை இல்லாததற்கு என்ன கழிவு என்று கேட்டார்.
அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

நான் கூலி பாக்கியை எழுதிக்கொண்டிருந்தபோது
பஞ்சவர்ணம் கூட்டத் தொடங்கியிருந்தாள்.
பெருக்குகிறாள் என்றும் சொல்லலாம்,
அவள் வாரியலுக்கு இரண்டும் ஒன்றே.
கழிக்கவும் வகுக்கவும்தான்
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் கோடு படாமல்
கட்டம் கட்டமாகக் கூட்டினாள்.
மூன்றாவது கட்டத்தில் முதுகு கடுத்திருக்க வேண்டும்,
நிமிர்ந்தாள், இடுப்பில் கை வைத்தாள்,
பிறகு தெற்கிலிருந்து வடக்காக
ஒரே இழுப்பு.
ஒன்பது பேர் தூசியும் ஒரே குவியலாக
அந்த இரண்டு விரற்கடைக்குப் போய்ச் சேர்ந்தது,
என் சாக்பீஸ் தூளும் அதில்.

"நாளைக்கு மறுபடி போட்டுக்குவீங்கல்ல?"

போட்டுக்குவேன் என்றேன்.
அதற்குக் கூலி தனி
என்பதை அவளிடம் சொல்லவில்லை.