ஐந்து மடங்கு

குருமண்வெளித் துறையில் எங்கள் படகுக்குப் பெயர் பாதை.
மண்டூர்க் கரை வரைக்கும்
தண்ணீரில் நகர்கிற பாதை.
சைக்கிளுக்கு இவ்வளவு, மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு என்று
சில்லறை வாங்குவது என் வேலை.

ஐப்பசியில் ஒரு நாள், பத்து ரூபாய்களுக்கு நடுவே
எடை குறைந்த ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.
கறுத்த செம்பு.
ஒரு பக்கம் முடி தரித்த தாடிக்காரர், மறுபக்கம் ஒரு மரம்.
எஞ்சினை நிறுத்தாமலே அழகரெத்தினம் சொன்னான்:
"செல்லாக் காசு. பிள்ளையாருக்குப் போடு."

நான் போடவில்லை.
சோப்புப் பெட்டியில் வைத்தேன்.
தை பிறக்க முன் அது ஒன்பதாகியிருந்தது,
பூவிதழ் போல் விளிம்பு வளைந்த பத்துச் சதம் உட்பட.

சம்பளத்தன்று கல்முனைக்கு பஸ் ஏறினேன்.
மணிக்கூடு திருத்தும் நௌபீஸின் கடை.
என்னைவிட இளையவர், காசைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்,
கண்ணாடியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

முதலில் கைபிடி வைத்த பெரிய வட்டம்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் கடதாசி எரிக்கிற சாமான்.
தாடிக்காரர் கொஞ்சம் ஊதினார், அவ்வளவுதான்.

பிறகு மினுங்குகிற ஒன்று. முப்பது மடங்கு என்று பொறித்திருந்தது.
"எழுத்த நம்பாதீங்க அக்கா, எழுதுறதுக்கு ஆரும் காசு கேக்கிறல்ல."
பார்த்தேன். இருட்டு.
கையை அசைத்ததும் ஒரு மூக்கு நுனி,
அதன் ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளும் ஒழுகிக்கொண்டு.
எங்கள் பாதையின் பலகையில் ஓர் ஆணி ஓட்டை உண்டு.
அதற்குள்ளால் பார்த்தால் வாவி தெரியாது,
தண்ணீர்தான் தெரியும்.

பத்து மடங்கு நல்லதுதான்.
ஆனால் காசு ஒரு பெருவிரல் அகலத்துக்குள் வரவேண்டும்,
என் தலையே வெளிச்சத்தை மறித்தது,
மூச்சு விட்டால் அரசர் ஓடிப்போனார்.

கடைசி லாச்சியிலிருந்து, மடித்துச் சொருகுகிற
கறுப்பு உறை ஒன்று.
ஐந்து.
"கண்ணாடியக் கண்ணோட ஒட்டுங்க, காச மேலுக்குக் கொண்டு வாங்க.
எல்லாரும் மறுபக்கமாத்தான் செய்யிற."
வாசலுக்குப் போனேன்.
வெயிலில் காசைச் சற்றுச் சரித்தேன்.

முழு முகம். கிரீடத்தின் சிறு சிலுவை.
எட்டோ என்று மயங்கிய கடைசி இலக்கம்
ஆறாகத் தெளிந்தது.
பிறகு, கன்னத்தில்,
கோடுகள்.
மயிரிழைகள், ஆயிரம்.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

போன வெள்ளிக்கிழமை
புளியும் சாம்பலும் சேர்த்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தவள் நான்.
பளபளத்தது. கிணற்றடியில் நின்று சிரித்தேன்.
எத்தனை மடிச்சீலை, எத்தனை உண்டியல் தாண்டி வந்ததோ,
யாரும் செய்யாததை
ஒரு பின்னேரத்தில் செய்து முடித்திருந்தேன்.
அது என் மணிக்கட்டின் திசை.

திரும்பவும் அந்தக் கைபிடிக் கண்ணாடியை எடுத்தேன்.
அதில் கீறலே இல்லை.
விலையும் பாதி.
காசு புதுப்பெண் மாதிரி மினுங்கியது.
நௌபீஸ் ஒரு மணிக்கூட்டின் முதுகைத் திறந்தபடி
என் பக்கம் பார்க்காமல் இருந்தார்.
அதற்கு நன்றி.

"அந்த ஐந்து," என்றேன்.
ஆயிரத்து நானூறு. நூறு குறைத்தார்.

மறுநாள் நடு வாவியில் அழகரெத்தினம் கேட்டான், கொடுத்தேன்.
எண்ணெய்க் கையால் உறையைப் பிடித்து, சொல்லிக் கொடுத்தபடியே
கண்ணோடு ஒட்டி,
வெகுநேரம் பார்த்தான்.
"ஆரு இத இப்பிடிக் கீறின?"
"ஒருத்தி. புளிக்குக் குறை வைக்கிறவள் இல்லை."
"விசரி," என்றான்.
ஓம் என்றேன்.

பாதை மண்டூரில் முட்டியது.
இறங்குகிற கைகளில் இருந்து சில்லறை.
வெறுங்கண்ணால் எண்ணினேன்.
ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தது.
துடைக்காமல் எடுத்து வைத்தேன்.