செவ்வாய்க்கிழமை வரை

வெள்ளி மாலை ஆறரை.
கம்மிங் ஊரின் நீதிபதிகள்
லேனியர் ஏரியில் படகை இறக்கியிருப்பார்கள்.
அந்த நேரம் பார்த்து
இசக்கிமுத்துவின் பின்விளக்கு எரியவில்லை.

பின்விளக்குக்காக யாரையும் பிடித்துவைப்பதில்லை.
கணினியில் பழைய கணக்கொன்று இருந்தது.
ஏப்ரலில் வேகமாகப் போனதற்கு ஒரு சீட்டு.
மே மாதம் வரச்சொன்னார்கள், போனான்.
தேதி மாறியிருக்கிறது, தபாலில் சொல்கிறோம் என்றார்கள்.
தபாலில் சொன்ன தேதிக்கு அவன் போகவில்லை.
அதற்கு ஒரு பிடியாணை.

"தாக்கலே வரலையே" என்பதை
ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னானோ.
பாலும் கொத்தமல்லிக் கட்டும் உள்ளே கிடக்க
காரை இழுத்துக்கொண்டு போனது ஒரு லாரி.

சிறையின் பட்டியலில் தேடினேன்.
இசக்கி இல்லை. முத்துவும் இல்லை.
அப்பா பேர் சுடலையாண்டி,
அதிலும் இல்லை.
எஃப்.என்.யூ. என்று போட்டுப் பாருங்கள்
என்றாள் போனை எடுத்த பெண்.
முதற்பெயர் அறியப்படாதவர்.
பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேரோடு வந்தவனுக்கு
விசாவில் இவர்கள் வைத்த பேர்.
இருந்தான்,
ஆரஞ்சுச் சட்டையில்,
வேறு யாரையோ கூப்பிட்டதற்குத்
தான் திரும்பிவிட்டவன்போல.

எவ்வளவு கட்டினால் விடுவீர்கள்?
அதை நீதிபதி சொல்ல வேண்டும்.
நீதிபதி எப்போது வருவார்?
திங்கள்கிழமை உழைப்பாளர் தினம், விடுமுறை.
செவ்வாய் ஒன்பதுக்கு மேல்.

உழைப்பவர்கள் எல்லோருக்கும் அன்று ஓய்வு.
அவள் மட்டும்
அடுத்த போனை எடுத்தாள்.

சனிக்கிழமை இயந்திரக் குரல் ஒன்று அழைத்தது.
பணம் போட்டால் பேசலாம்,
பேசுவதெல்லாம் பதிவாகும் என்றது.
அட்டை எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் கட்டானது.
இரண்டாம் முறை அவனே வந்தான்.
"அரைஞாண் கயித்த வெட்டிட்டாங்கடே.
ரொட்டிக்குள்ள வச்சிருக்கது என்ன கறின்னு தெரியல.
ஆப்பிள மட்டும் தின்னேன்.
ஒரே குளிரு.
செல்விட்ட சொல்லிராத."

செல்வி அழைத்தாள், சங்கரன்கோவிலில் இருந்து.
ஆபீஸில் சர்வர் மாற்றுகிறார்கள்,
செவ்வாய் வரை போன் எடுக்கமாட்டான் என்றேன்.
"லீவுலயா?"
"லீவுலதாம்மா மாத்துவாங்க."
"சாப்பிட்டாரான்னு மட்டும் சொல்லுங்கண்ணே."
"ஆப்பிள் சாப்பிட்டான்" என்றேன்.
அன்றைக்கு நான் சொன்னதில்
அது ஒன்றுதான் உண்மை.

ஞாயிறு.
பக்கத்து வீடுகளில் இறைச்சி சுடும் புகை.
செய்வதற்கு ஒன்றுமில்லாதவன்
வீட்டைப் பெருக்குவான்.
பெருக்கினேன்.
சாப்பாட்டு மேசையின் ஆடும் காலுக்கடியில்
எட்டாக மடித்த உறை.
கூப்பன் என்று நினைத்திருப்பேன்,
மடித்தது நான்தான்.
பிரித்தேன்.
கவுண்டியின் முத்திரை, அவன் பேர்,
ஜூலை பதினேழு, காலை ஒன்பது மணி.

திங்கள் முழுக்க
அந்தத் தாள் நிமிரவில்லை.
புத்தகத்துக்கடியில் வைத்தும் பார்த்தேன்.

செவ்வாயன்று மூன்றே நிமிடம்.
திரையில் அவன் முகம் தெரிந்தது.
கடிதம் கிடைக்கவில்லையா என்றார் நீதிபதி,
மூக்கெல்லாம் ஏரி வெயில் பட்டுச் சிவந்து.
கிடைக்கவில்லை என்றான் இசக்கி.
நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்,
சட்டைப்பையில் அந்த உறையோடு.
எழுந்திருக்கலாம்.
அதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அபராதம் கட்டி அழைத்துவந்தேன்.
கையில் ஒரு கண்ணாடிப் பை.
பர்ஸ், ஷூவின் லேஸ்கள்,
இரண்டு துண்டாகக் கறுப்புக் கயிறு.
வழியெல்லாம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தான்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.
சோறு வைத்தேன், ரசம் ஊற்றினேன்.
அவன் முழங்கை பட்டதும்
மேசை ஆடியது.
குனிந்து பார்த்தான்.
"இதுக்கு அடியில ஒன்னு மடிச்சு வச்சிருந்தியே,
எங்கடே?"

தட்டில் இருந்த ரசம்
என் பக்கமாகச் சரிந்து வந்தது.