ஐந்தாவது சுற்று

வேளச்சேரி ஹாஸ்டல், மூவர் அறை.
மின்விசிறியை நிறுத்தினால் ஜெசிந்தா திட்டுவாள்;
ஆகவே சார்ஜர், சோப்பு டப்பா, ஒற்றைச் செருப்பு என்று
கைக்குக் கிடைத்ததையெல்லாம் பாரமாக வைத்து
மேல்கட்டிலில் பரப்பியிருக்கிறேன்
அறுபது கார்டுகளை.

உண்மையில் எழுபத்தொன்று.
பதினொன்று சாகவேண்டும் இன்றிரவு.

அச்சிட்ட பெயர்கள் என் வாயில் நுழையாது.
நான் வைத்த பெயரில்தான் கூப்பிடுகிறேன்:
ஊசிவெடி. ஒரு காசு விலை, வந்தவுடன் வெடிக்கும்.
மாஞ்சா. தடுக்கிற விரலையும் சேர்த்து அறுக்கும்.
ஷேர் ஆட்டோ. போகிற வழியில் இருவரை ஏற்றிக்கொண்டு
சிக்னல் பார்க்காமல் பாயும்.
காசு தரும் உண்டியல்கள் இருபது.
பத்தொன்பது போதுமோ?
இருக்கட்டும், இருபது.

மூன்று காசுக்கு மேல் எதற்கும் இடமில்லை.
அரை மாத மெஸ் பணத்துக்கு வாங்கிய
அந்த ஆறு காசு டிராகன்,
பளபளப்புத் தாள்,
இந்த ஊர்க் காற்றில் அப்பளமாய் வளைந்துவிட்டது.
ஷூ பெட்டியில் வந்த சிலிக்கா பொட்டலத்தோடு
டப்பாவுக்குள் கிடக்கட்டும்.
அது எழுந்து வருவதற்குள்
ஆட்டம் முடிந்திருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். எதிராளிக்கு இருபது உயிர்.
முதல் சுற்றில் ஒன்று, இரண்டாவதில் மூன்று,
மூன்றாவதில் ஆறு, நான்காவதில் பத்து.
ஐந்தாவது என்று ஒன்று
என் நோட்டில் கிடையாது.

பகலில் நான் வேறு கார்டுக்காரி.
பெருங்குடியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு
தவணை தவறியவர்களிடம்
நாளைக்கு நூற்றுப்பத்துத் தடவை:
"எப்போ கட்டுறீங்க சார்?"
வெள்ளிக்கிழமை என்பார்கள்.
அம்மாவுக்கு ஆஞ்சியோ என்பார்கள்.
ஒருவர் போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்;
அவர் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை
கேட்டுக்கொண்டிருந்தேன்.
பொறுமைக்குத்தான் சம்பளம்.

அதனால்தானோ என்னவோ
'மருந்துக்கடை'யை எடுக்கக் கை வரவில்லை.
ஐந்து உயிர் திருப்பித் தரும். நல்ல கார்டுதான்.
ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு சுற்றும்
எதிராளிக்கு நான் கொடுக்கும் அவகாசம்.
பன்னிரண்டரைக்கு எடுத்தேன்.
ஒன்றேகாலுக்குத் திரும்ப வைத்தேன்.
இரண்டு மணிக்கு
தூங்கும் ஜெசிந்தாவின் தலையணைக்கடியில் செருகினேன்,
நானே தேடி எடுக்காமலிருக்க.

சனிக்கிழமை. மந்தைவெளி, ஜெராக்ஸ் கடை மாடி.
எதிரே நவ்ஷாத் அண்ணன்.
தடுப்பார், துடைப்பார், நடுவில் டீ சொல்வார்.
ஒன்று. மூன்று. ஆறு.
நான்காவதில் ஒன்பது.

ஒன்றே ஒன்று மிச்சம்.

மேஜையைச் சுத்தமாகத் துடைத்தார்.
என் கை காலி.
கட்டின் மேலிருந்து உருவினேன்: உண்டியல்.
அடுத்த சுற்று: உண்டியல்.
காசு இருக்கிறது, வாங்க ஒன்றுமில்லை.
"எப்போம்மா முடிக்கிறே?" என்றார், சிரிக்காமல்.
"வெள்ளிக்கிழமை சார்."
என் வாயிலிருந்துதான் வந்தது.
எட்டாவது சுற்றில் தோற்றேன்.
டீக்கு அவரே காசு கொடுத்தார்.

பறக்கும் ரயிலில், திருவான்மியூர் தாண்டியதும்
மடியில் கட்டைப் பிரித்து
ஓர் உண்டியலை உருவிப் பைக்குள் போட்டேன்.
ஐம்பத்தொன்பது.
எதிர் சீட்டில் கீரைக்கட்டோடு இருந்தவர் எட்டிப் பார்த்து
"ரம்மியா?" என்றார்.
"இல்லீங்க. ஒண்ணு குறையுது."
அவர் தன் காலடியில் குனிந்து தேட ஆரம்பித்தார்.

பெருங்குடி வந்தது. எங்கள் மாடியில் விளக்கு எரிகிறது.
யாரோ யாரிடமோ 'எப்போ' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஊசிவெடி ஏற்கெனவே நாலு இருக்கிறது.
அதற்கு மேல் விதி விடாது.
வேறு ஏதாவது.
சின்னதாக.
ஒரு காசுக்குள்.