தேதியில்லாத கோடு

கொமதோரோவில் வண்டியைக் கம்பத்தில் கட்டாமல் போகிறவள்
ஊருக்குப் புதியவளாக இருக்கவேண்டும்.
நான் புதியவள் இல்லை, அவசரக்காரி.
இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணி முடிப்பதற்குள்
காற்று அதைக் கிடத்திவிட்டது.
வலப்பக்க மூடி உடைந்து
ஒரு துண்டு தெருவைக் கடந்து ஓடியது,
எதிர்ப்பக்கம் யாரோ கூப்பிட்டதுபோல.
துரத்திப் பிடித்தேன்.
கட்டைவிரல் நகம் அளவு இன்னொன்று
இந்நேரம் கடலில் இருக்கும்.

எண்பத்தேழாம் வருஷத்து ஹோண்டா.
புவெனோஸ் ஐரஸில் ஒருவனிடம் மூடி இருக்கிறது.
என் ஒரு மாதச் சம்பளம் கேட்கிறான்,
அதுவும் நீல நிறத்துக்கு.

எண்ணெய்க் கிணற்று ஆட்களின் சீருடை வெளுக்கிறேன்.
எனக்குக் கறை தெரியும். பிளாஸ்டிக் தெரியாது.
சலவைக்கூடத்தில் செத்துக் கிடந்த பிரிண்டரைப் புரட்டினால்
முதுகில் ஏ.பி.எஸ். என்று மூன்றெழுத்து.
மூடியின் உட்புறத்திலும் அதே மூன்றெழுத்து.
ஒரே ரத்த வகை.

நறுக்கி, ஜாம் பாட்டிலில் போட்டு, அசிட்டோன் ஊற்றிவிட்டு
இரவு ஷிஃப்டுக்குப் போனேன்.
காலையில் கிளறினால் கம்பிப் பதம்,
சாம்பல் நிறப் பாகு.
வீடு முழுக்க நகப்பூச்சு அழித்த வாடை.
யாருக்காக இந்த அலங்காரம் என்றாள் தங்கை.

மூடியைக் கவிழ்த்தபோதுதான் பார்த்தேன்:
இன்று விழுந்ததல்ல, பழைய விரிசல் ஒன்று.
அதன் குறுக்கே பென்சில் கோடுகள்,
கோட்டுக்குக் கோடு தேதி.
மார்ச் தொண்ணூற்றெட்டு.
ஆகஸ்ட் இரண்டாயிரத்து ஒன்று.
அதே வருஷம் டிசம்பர்.
வட்டிக்காரன்போல யாரோ கணக்கு வைத்திருக்கிறான்.
கடைசிக் கோடு மட்டும்
விரிசலைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளி.
அதற்குத் தேதியில்லை.

நாற்பத்திரண்டு சட்டை மடிக்கும்வரை
அந்தக் கோட்டையே நினைத்திருந்தேன்.
இதற்குமேல் வராதே என்று சொன்னதா?
எப்படியும் வருவாய் என்று சொன்னதா?
எழுதும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன்.
மேற்பரப்பில் ஈரம் உடனே பறந்தது.
விரிசலுக்குள் போனது மட்டும் வர மறுத்து
மயிரிழையாய் நின்றது,
கண்ணுக்குத் தெரிந்த நுனியைத் தாண்டி,
இன்னும் கொஞ்சம் தாண்டி,
அந்தக் கோட்டுக்கு ஓர் அரிசி அளவு முன்னால்
முடிந்தது.

வண்டியை எனக்கு விற்ற ஒவிதியோ மன்சிய்யாவுக்குப் போன் செய்தேன்.
அங்கே ஏதோ பொரிந்துகொண்டிருந்தது.
"அந்தக் கோடா?
அங்கே ஒரு துளை போட்டால் விரிசல் நகராதாம்.
என்னிடம் டிரில் இல்லை.
இரவல் வாங்கலாம் என்று குறித்துவைத்தேன்."
இத்தனை வருஷமாகவா?
"டிரில் வைத்திருந்தவனோடு பேச்சு இல்லை."
வெங்காயம் கருகுகிறது என்று வைத்துவிட்டார்.

என்னிடமும் டிரில் இல்லை.
பின்னல் ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி
அவர் கோட்டின்மேலேயே இறக்கினேன்.
புகை ஒரு நூலாக எழுந்தது.
புது உடைசலுக்கெல்லாம் உள்ளே கம்பிவலை பதித்து
பாகைத் தடவினேன்.
கடலுக்குப் போன துண்டின் இடத்தில்
சிவப்புக்கு நடுவே சாம்பல் நகம்.
பெயின்ட் பூசப்போவதில்லை.

துளையை மட்டும் அடைக்க மறந்துவிட்டேன்.
அறுபதைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே
சீட்டியடிக்கிறது.
நாய்கள் திரும்பிப் பார்க்கின்றன.