காரணம் என்ற கட்டம்

தோரும் கோளில் ஓர் இரவு
நம் கணக்கில் பத்தொன்பது நாள்.
நம் கணக்கு என்றால் பேரரசின் கணக்கு.
அவர்களுக்கு அது வெறும் இரவு;
உப்புக் குகைக்குள் சுருண்டு,
குழந்தையின் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு
நூலால் கட்டிக்கொண்டு
ஒரே மூச்சில் தூங்கிவிடுவார்கள்.

கப்பல்களுக்கு அந்த உப்புதான் எரிபொருள்.
சுரங்கம் அத்தனை நாள் சும்மா கிடக்குமா?
நாற்பது விளக்குக் கோபுரம் நட்டோம்.
ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் அபராதம்.
ஆணையில் ஒப்பமிட்ட சக்கரவர்த்தி
நான் பிறக்கும் முன்பே செத்துப்போனார்.
ஒளியாண்டுகள் தாண்டி வந்து சேரத்தான் தாமதம்,
அமலுக்கு வர ஒரு முத்திரை போதும்.

நான் வெஸ்ரின் ஓல், எட்டாம் நிலை ஆட்சியர்.
ஆறு ஆண்டில் நாலாயிரத்துச் சொச்சம் சீட்டில்
குத்தியிருக்கிறேன்.
சீட்டின் அடியில் 'காரணம்' என்றொரு கட்டம்.
யாரும் நிரப்புவதில்லை, நானும் பார்ப்பதில்லை.

நுவாஹே என்ற கல்லுடைப்பவள் நிரப்பியிருந்தாள்,
நம் எழுத்தில், கோணல்மாணலாய், ஒரே சொல்:
இரவு.

சிரித்தேன்.
மொழிபெயர்ப்பாளன் இக்தா சிரிக்கவில்லை.
"எங்கள் பேச்சில் விளக்குக்கும் அபராதத்துக்கும்
இப்போது ஒரே சொல்தான், ஐயா."
"முன்பு?"
"முன்பு இரண்டுமே இல்லை."

மருத்துவர் அறிக்கையை மறுபடி எடுத்தேன்.
கோபுரங்கள் வந்தபின் பிறந்த குழந்தைகள்
கண்மூடத் தெரியாமல் வளர்கிறார்களாம்.
இமை இருக்கிறது. பழக்கம் இல்லை.
ஓரத்தில் என் கையெழுத்து:
'கண்டேன். கோப்பில் சேர்க்க.'

கண்டேன்.
எத்தனை சுலபமாய் எழுதியிருக்கிறேன்
அந்தச் சொல்லை.

கோபுரத்தை அணைக்க இரண்டு சாவி வேண்டும்.
ஒன்று என்னிடம்.
மற்றது துணை ஆட்சியர் பெல்காரிடம்.
நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்;
ஏழு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.
எழுப்பவில்லை.
இடுப்பிலிருந்து மெல்ல உருவினேன்.

முதல் கோபுரம் அணைந்தபோது
வீரம் என்று ஒன்றும் தோன்றவில்லை.
படியில் தடுக்கி முழங்கால் சிராய்ந்தது.
ஆறு ஆண்டு ஆண்ட ஊரின் இருட்டு
எனக்கும் பழக்கமில்லை.
கீழே குடியிருப்பில் ஒரு குழந்தை வீறிட்டது;
அதற்கும் இது முதல் இருட்டு.
பிறகு, எங்கோ ஒரு வாசலில்,
யாரோ யாரிடமோ
நூல் கேட்கும் குரல்.

இன்னும் முப்பத்தொன்பது.
விடியப் பதினோரு நாள் இருக்கிறது.