டுமீல் இல்லாத பக்கம்

பாம்பனில் குந்துக்கால் போகிற வழியில்
ஐஸ் உடைக்கும் கொட்டகைக்கு மேலே ஒரு மாடி அறை.
பிளாவியா படம். சேகு ஜபருல்லா கதை, எழுத்து.
பேட்டிக்காக என் போனை மேசையில் வைத்தபோது
கச்சான் காற்று முன்னமே வந்து உட்கார்ந்திருந்தது.

எப்படித் தொடங்கியது என்றேன், எல்லாரும் கேட்பதுபோல.

"எடைக்கு வந்த பழைய பேப்பர்க் கட்டுல," என்றார் ஜபருல்லா.
"வெளிநாட்டுக்காரன் வாய்க்கு அளவெடுத்த பலூன்.
அவன் ஒரு வார்த்தையில செத்துப்போவான்,
நம்ம ஆளுக்குச் சாக மூணு வார்த்தை வேணும்.
யாரோ ஒருத்தர், பேர் எந்தப் பக்கத்துலயும் இல்ல,
கொம்பைக் குறுக்கி, காலை மடக்கி, புள்ளியை ஓரத்துல நசுக்கி
தமிழை அந்த வட்டத்துக்குள்ள உட்கார வச்சிருக்காரு.
நான் கதை படிக்கல. அவர் கையைப் படிச்சேன்."

"பொய். நீ குதிரையைப் பார்த்தே," என்றாள் பிளாவியா.

அவளுக்குப் பிடித்தது அச்சுப் பிழை.
சிவப்பு ஒரு நூல் விலகி விழுந்ததில்
எல்லா நாயகனுக்கும் உதட்டுக்கு வெளியே இன்னோர் உதடு.
"ரெண்டாவது உதடு என்ன பேசும்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன்."

இவர்கள் புத்தகம் முப்பத்திரண்டு பக்கம், ஒரே நீலம்.
இரண்டாவது மைக்குக் காசில்லை.
வலை நீலம், வல்லம் நீலம், ஆள் நீலம்.
"வானத்தையும் கடலையும் பிரிக்க ஒரு கோடு போதும்.
அந்த மாதிரி ஒரு கோட்டுக்குத்தான்
இங்க ஆளைப் பிடிச்சுட்டுப் போறாங்க."

துப்பாக்கிக்கு ஜபருல்லா எழுதியிருந்தது டுமீல்.
எட்டு முனையுள்ள நட்சத்திரத்துக்குள், தடித்த எழுத்தில்.
பிளாவியா கரையில் போய்க் கேட்டாள்: எப்படிக் கேட்டுச்சு?
கீழே ஐஸ் பிளக்குமே, அப்படி என்றான் ஒருவன்.
ஈரத்துணியை உதறினாப்புல, இன்னொருவன்.
மூன்றாமவன் சத்தமே கேட்கவில்லை என்றான்.
தண்ணி மட்டும் துள்ளுச்சு.
அவள் டுமீலை அழித்துவிட்டுத் துள்ளிய நீரை வரைந்தாள்.
ஜபருல்லா பதினோரு நாள் பேசவில்லை.
"பன்னெண்டு," என்றார்.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வெள்ளை விடுகிறீர்களே?

"இங்கிலீஷ்ல அதுக்குச் சாக்கடைன்னு பேரு.
பாம்பன்காரி நான், கால்வாய்ங்கிறேன்.
பத்தொன்பதாம் பக்கம் கடைசிக் கட்டத்துல வல்லம் கிளம்புது.
இருபதாம் பக்கம் அவன் பொஞ்சாதி ஆபீஸ்ல வரிசையில நிக்கிறா.
நடுவுல நாப்பத்தாறு நாள். அதை நான் போடல.
போட்டா நான் பார்த்த மாதிரி ஆயிடும்."

கீழே பனிக்கட்டி உடைந்தது.
மூவரும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

முதல் பிரதியை வாங்கியது சின்னப்பாலத்து சவேரியம்மா.
பாசி எடுக்கிறவள், விரல்களில் துணிச்சுற்று.
ஏழாம் பக்கத்தில் அவளைப் போலவே ஒருத்தி
கடலடியில் பாறையைச் சுரண்டியபடி
"இன்னைக்கு ரெண்டு கிலோதான்" என்கிறாள், பலூனில்.
சவேரியம்மா ஈர விரலை அதன்மேல் வைத்தாள்.
"தண்ணிக்குள்ள வாயைத் தொறந்தா என்ன ஆகும் தெரியுமா?"
அதோடு, துணி சுற்றிய விரலும் தப்பு.

இரண்டாம் அச்சில் அந்தப் பலூன் இருக்கிறது,
உள்ளே எழுத்தில்லை, வால் இல்லை,
மேலே போகிறது.
வாக்கியம் போனதில் ஜபருல்லாவுக்கு இன்னும் வருத்தம்.
நல்ல வாக்கியம்தான், நானும் சொன்னேன்.

ராமநாதபுரம் பஸ்ஸில் போனைக் காதில் வைத்தேன்.
ஐம்பத்திரண்டு நிமிடம் கச்சான்.
இடையில் ஒருமுறை "குதிரை" என்று கேட்டது.
மேலே இருப்பதில் பாதி நான் எழுதிக்கொண்டது.
எந்தப் பாதி என்று
அவர்கள் இருவரும் சண்டை போடட்டும்.