பதினாலு புள்ளி ரெண்டு

உள்ளே இருப்பது பதினாலு புள்ளி ரெண்டு.
இரும்போடு சேர்த்தால் முப்பது சொச்சம்.
டானிங்டன் மேட்டில் நூற்றுப்பதினொரு படி என்று
என் இடது தோளுக்குத் தெரியும்.
வலது தோள் தொண்ணூறோடு எண்ணுவதை விட்டுவிடும்.

இப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை
வாசலில் குந்திக்கொண்டு
அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி சொருகினால்
தெரு சிரிக்காமல் என்ன செய்யும்.
"ஏஜென்சிக்காரருக்குத் தெரியுமாண்ணே?" என்றான் பெள்ளிராஜ்,
லோடு ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி.

பெரிய பெட்டி, யாரோ வாங்கிய டி.வி.யுடையது.
சின்னதில் பிஸ்கட் வந்திருந்தது.
இரண்டுக்கும் நடுவே
டீ ஃபேக்டரி வேண்டாமென்று கொட்டிய நார், ஒரு சாக்கு.
இன்னும் டீ வாசம் போகவில்லை அதற்கு.
உள்சுவர் முழுக்க, சோற்றுப்பசையில் ஒட்டிய
பிரியாணிக் கடை வெள்ளித்தாள்.
கரி பூசிய அலுமினியத் தூக்கு.
கண்ணாடிக்குத்தான் அலைந்தேன்.
அளவு வெட்டித் தர முந்நூற்றைம்பது கேட்டார்கள்.
வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தேன்.
எங்கள் கல்யாணப் போட்டோ என்னைப் பார்த்தது.

இரண்டாம் பூசை முடிந்து வந்த ரொசாலின்
முக்காட்டை எடுக்காமலே
சுவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாதது எத்தனை கிலோ என்று
நான் எந்தத் தராசிலும் நிறுத்துப் பார்த்ததில்லை.

பத்தே காலுக்குப் பருப்பு வைத்தேன்.
இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.
பருப்பு அதற்கெல்லாம் மசியாது.
வெயில் நகர நகரப் பெட்டியை நகர்த்தினேன்,
ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஜெனிபா
தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.
பதினொன்றரைக் கோட்டில் பக்கத்து வீட்டுத் தொட்டியின் நிழல்.
தூக்கிக்கொண்டு பூண்டுப் பாத்தி ஓரம் ஓடினேன்.
பன்னிரண்டுக்குக் கண்ணாடியில் முத்து முத்தாய் வியர்வை.
முக்காலுக்குத் தூக்கில் விரல் வைத்து
"ஆ" என்றாள் மகள்.
சுட்ட விரலைப் பார்க்காமல் நான் சிரித்துவிட்டேன்.

ஒன்று இருபதுக்கு
மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்தது.
முதலில் சில்வர் ஓக் மரங்கள்,
அப்புறம் கோயில் மணிக்கூண்டு,
எதிர்வீட்டுக் கொடித்துணி,
கடைசியில் சாக்பீஸ் கோடுகள்.

பருப்பு நகத்தில் நசுங்கியது,
நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி பாக்கி.
யாராயிருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன்.
நானே சுமந்த சிலிண்டர். ஏழு நிமிஷம்.
ரொசாலின் இரண்டாம் தரம் சாம்பார் ஊற்றிக்கொண்டாள்,
நான் பார்க்காதபோது.

மறுநாள் படியேறும்போது நினைத்தேன்:
இந்த வெயில் ஒரு படியும் ஏறாமல் இறங்கியே வருகிறது.
கையெழுத்து வாங்குவதில்லை.
சில்லறை இல்லையென்று யாரும்
அதன் முகத்தில் கதவைச் சாத்துவதுமில்லை.
தொண்ணூறாவது படியில் அந்த நினைப்பும் நின்றுபோனது.

ஐப்பசியில் ஜாடி உப்பு நீர்விட்டது.
தீக்குச்சியை உரசினால் மருந்துதான் உதிர்ந்தது.
கண்ணாடி போன போட்டோவில்
என் கோட்டில் தொடங்கிய பூஞ்சணம்
அவள் தோள்வரை போயிருந்தது.

பதினெட்டு நாள் கழித்து ஒரு வெயில்.
கடைசி லோடு இறக்கிவிட்டு மூன்று மணிக்கு வந்தால்
பெட்டி வாசலில்.
உள்ளே ஒரு தட்டு உப்பு,
இரண்டு தீப்பெட்டி,
ஜெனிபாவின் பள்ளிக்கூடத்து சாக்ஸ்,
ஓரம் லேசாய்ச் சுருண்டு
எங்கள் கண்ணாடிக்குக் கீழே நாங்கள்.

"காய்ஞ்சிருச்சா பாருங்க" என்றாள்.
மூடியைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன்.
இரண்டு முகமும் சுட்டது.
"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.
பெட்டியை வெயில் பக்கம்
ஒரு கோடு தள்ளி வைத்தேன்.